கால்பந்துச் சம்மேளனத்தின் லட்சணம்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்திலும், நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை முதலிய ஊர்ப்புறங்களிலும் மாலை நேரத்தில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணாதிருக்க முடியாது. பள்ளிக்கூட மைதானமோ, அறுவடை முடிந்த வயலோ, வெறும் பொட்டலோ, எங்கே இடம் அகப்பட்டாலும் அங்கே பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஒரு பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். உலகக் கோப்பைப் பந்தயம் வரும் வருஷங்களில், டீக்கடை வாசல்களில் அர்ஜென்டினாவுக்கும் பிரேஸிலுக்குமாகக் கட்சி கட்டிக்கொண்டு நள்ளிரவு வரையில் வாதாடும் கூட்டத்தையும் யாவரும் அறிவர். இவ்வளவு அபிமானமும் அந்நிய தேசத்து அணிகளுக்கே போய்ச் சேருவானேன் என்று பெரியவர்கள் சிலர் குறைபட்டுக்கொள்வதுண்டு. குறைபடுவதற்கு முன் அவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அபிமானம் வைப்பதற்குரிய யோக்கியதையுடன் நமது தேசத்துக் கால்பந்து நடத்தப்பட்டு வந்திருக்கிறதா?

இல்லை என்பதே நமது திடமான அபிப்பிராயம். 2025 அக்டோபர் 14-ந் தேதி கோவாவிலுள்ள மட்காவில், நமது சொந்த மண்ணிலே, சுமார் அறுபது லட்சம் ஜனங்கள் வாழும் சிங்கப்பூரிடம் 2-1 என்ற கணக்கில் நாம் தோற்றோம். அத்துடன் 2027-ம் வருஷத்து ஆசியக் கோப்பைக்குள் நுழையும் வாய்ப்பு அற்றுப் போயிற்று. அடுத்த மாதம் 18-ந் தேதி டாக்காவில் வங்காள தேசத்திடம் ஒரு கோல் வித்தியாசத்தில் தோல்வி. அந்நாட்டிடம் நாம் தோற்று இருபத்திரண்டு வருஷங்கள் ஆகியிருந்தன. அம்மாதக் கடைசியில் உலக வரிசையில் நமது ஸ்தானம் 142. 1996-ல் இதே வரிசையில் 94-வது ஸ்தானத்தில் இருந்தோம் என்பதை ஞாபகத்திற் கொண்டால், முப்பது வருஷ காலம் எத்திசையில் நடந்திருக்கிறோம் என்பது விளங்கும்.

தோல்வியைக் குற்றமாக நாம் சொல்ல வரவில்லை. பந்தயத்தில் ஒருவர் ஜயித்தால் மற்றொருவர் தோற்கத்தான் வேண்டும். விளையாட்டு வீரர்களைத் தூஷிப்பதும் நமது நோக்கமன்று. நாம் கேட்பது வேறு. வீரர்கள் பந்தை உதைப்பதற்கு முன்பே, மேஜைக்கு முன் உட்கார்ந்து செய்யவேண்டிய காரியங்கள் சில உண்டு. பந்தயங்களுக்குத் தேதி குறித்தல், ஒப்பந்தங்களைக் காலத்தில் புதுப்பித்தல், சட்டப்படி தேர்தல் நடத்துதல், கணக்குக் காட்டுதல் ஆகிய இவற்றைச் செய்யப் பெரிய மேதாவிலாசம் வேண்டியதில்லை. ஒரு கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தின் காரியதரிசி செய்துவிடக்கூடிய வேலைகள் இவை. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அவற்றைத்தான் செய்யத் தவறியது.

கேளுங்கள் இந்த விபரீதத்தை. 2010 டிசம்பரில் சம்மேளனம் தனது வியாபார உரிமைகள் அனைத்தையும் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் கூட்டுக் கம்பெனிக்குப் பதினைந்து வருஷக் குத்தகைக்கு விட்டது. குத்தகைத் தொகை 700 கோடி ரூபாய். அக்குத்தகையின் பேரில்தான் 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் என்னும் பந்தயம் ஆரம்பமாயிற்று. பதினைந்து வருஷம் என்றால் 2025 டிசம்பர் 8-ந் தேதியோடு முடிகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்ட சாமானியக் குடியானவன்கூடக் கெடு முடிவதற்கு ஒரு போகம் முன்னதாகவே அடுத்த ஏற்பாட்டைப் பேசி முடித்துவிடுவான். சம்மேளனமோ கெடு நெருங்கும் வரையில் நாட்களைக் கடத்திற்று. முடிவு என்ன? 2025 ஜூலை 11-ந் தேதி, அவ்வருஷப் பந்தயத்தை நிறுத்தி வைப்பதாகக் குத்தகைக் கம்பெனியே சங்கங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டது. ஆகஸ்டு மாதத்தில் பெங்களூர்ச் சங்கமும் நமது சென்னையின் எப்.சி. சங்கமும் ஆட்டக்காரர்கள், சிப்பந்திகள் ஆகியோரின் சம்பளத்தை நிறுத்தி வைத்தன. பிறகு விழித்துக்கொண்ட சம்மேளனம் அக்டோபரில் டெண்டர் கோரிற்று. நவம்பர் 7-ந் தேதி கெடு முடிந்தபோது, கேட்க ஒருவரும் வரவில்லை!

கால்பந்து என்றால் கொழுத்த சம்பளம் வாங்கும் நட்சத்திர வீரர்கள் மாத்திரம் அல்லர். புல்தரையைப் பராமரிப்பவன், துணி துவைப்பவன், பஸ் ஓட்டுகிறவன், சிறுவர் அணிக்குப் பயிற்சி அளிக்கும் ஆசிரியன் ஆகிய எல்லோருடைய அடுப்பும் இந்தப் பந்தயத்தை நம்பி எரிகிறது. இருபத்திரண்டு வயது வாலிபன் ஒருவனுக்கு ஒரு பருவம் வீணாவதென்றால், அது அவனுடைய தொழில் ஆயுளில் பத்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். போன பருவத்தை எந்தக் கோர்ட்டும் அவனுக்குத் திருப்பித் தர முடியாது. 2026 ஜனவரி மாத ஆரம்பத்தில், சுனில் சேத்ரி முதலிய பெயர் பெற்ற வீரர்களே ஒன்று கூடி, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று உலகச் சம்மேளனமாகிய பிபாவை நோக்கி முறையிட்டார்கள். தேசத்தின் அணித் தலைவனாக இருந்தவன் தன் தேசத்துச் சம்மேளனத்தை விட்டு ஸ்விட்ஸர்லாந்தை நோக்கிக் கைகூப்ப வேண்டிய நிலைமை வந்ததென்றால், அதைவிட வெட்கக்கேடு வேறென்ன? ஜனவரி 6-ந் தேதி மத்திய விளையாட்டு மந்திரி தலையிட்டுப் பிப்ரவரி 14-ல் ஆட்டம் துவங்கும் என்று அறிவித்த பிறகுதான் சங்கங்களுக்கு மூச்சு வந்தது. அப்படியும் முந்திய பருவத்தில் ஒவ்வொரு சங்கமும் லீகில் 24 ஆட்டங்கள் ஆடிய இடத்தில், 13 ஆட்டங்கள் என்று சுருக்கிக்கொள்ள நேர்ந்தது.

சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தபடியால் எங்கள் கைகள் கட்டப்பட்டிருந்தன என்று சம்மேளனத்தார் சமாதானம் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், அந்த வழக்கு வந்தது யாரால்? விளையாட்டு ஸ்தாபனங்களுக்காக மத்திய சர்க்கார் 2011-ல் வகுத்த விதிகளின்படி தேர்தல் நடைபெறவில்லை என்று 2017 அக்டோபரில் டில்லி ஹைகோர்ட்டு தீர்ப்பளித்து, சம்மேளனத்தின் தேர்தலை ரத்துச் செய்தது. சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை நிறுத்தி வைத்து, புதிய விதித்திட்டம் தயாரிக்கும்படி ஸ்ரீ எஸ்.ஒய். குரேஷி, ஸ்ரீ பாஸ்கர் கங்கூலி ஆகிய இருவரை நியமித்தது. அன்று ஆரம்பித்த வழக்குக்கு முடிவான தீர்ப்பு 2025 செப்டம்பர் 19-ந் தேதி கிடைத்தது. எட்டு வருஷம்! இடையில் 2020 டிசம்பரில் அப்போதைய தலைவர் ஸ்ரீ பிரபுல் படேலின் காலவரம்பு முடிந்தும், வழக்கைக் காட்டியே தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. 2022 மே 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவரை நீக்கும்வரையில் நாற்காலி காலியாகவில்லை. வழக்கைக் காட்டிப் பதவியில் நீடிப்பதும், அதே வழக்கைக் காட்டி வேலை செய்யாதிருப்பதும் ஒருங்கே எப்படிப் பொருந்தும்?

1988 முதல் 2022 வரை முப்பத்துநான்கு வருஷங்களில் சம்மேளனத்துக்குத் தலைமை வகித்தவர்கள் இருவரே. ஸ்ரீ பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி காங்கிரஸ்காரர். ஸ்ரீ படேல் தேசீயவாதக் காங்கிரஸைச் சேர்ந்தவர். இருவரும் மத்திய மந்திரிகளாகவும் இருந்தவர்கள். 2022-ல் வந்த ஸ்ரீ கல்யாண் சௌபே பாரதீய ஜனதாக் கட்சிக்காரர். கட்சிகள் மாறின, முறை மாறவில்லை. ஆகவே, இதை ஒரு கட்சிக்கு எதிராக மற்றொரு கட்சி உபயோகிக்கும் ஆயுதமாக நமது வாசகர்கள் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம்.

2022-ம் வருஷத்துத் தேர்தலைப் பற்றி ஒரு விஷயத்தை இங்கே விஸ்தாரமாகச் சொல்லியாக வேண்டும். வியாதியின் வேர் அங்கேதான் இருக்கிறது. தேசத்துக்காக ஆடிய முன்னாள் வீரர்கள் 36 பேருக்கு, மாநிலச் சங்கங்களுக்குச் சமமான எண்ணிக்கையில், ஓட்டு அளிப்பதென்று அவ்வருஷம் ஆகஸ்டு ஆரம்பத்தில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஆடினவனுக்கு ஆட்டத்தை நடத்துவதில் பாத்தியதை உண்டு என்பதைக் கோர்ட்டு ஒப்புக்கொண்ட நாள் அது. ஆனால், வெளியார் தலையீடு என்று காரணம் காட்டி, சுதந்திர தினத்தன்றே பிபா இந்தியாவைத் தள்ளி வைத்தது. அதன் பலனை அனுபவித்தவர்கள் யார்? நாற்காலிக்குப் போராடிய பெரிய மனிதர்கள் அல்லர். ஆசியச் சங்கப் பந்தயத்தில் ஆடுவதற்காகத் தாஷ்கண்டு நகரம் போய்ச் சேர்ந்துவிட்ட கோகுலம் கேரளச் சங்கத்துப் பெண்கள், ஒரு ஆட்டமும் ஆடாமல் ஊர் திரும்பினார்கள். கோர்ட்டு தனது உத்தரவை மாற்றிக்கொண்டது. வீரர்களின் ஓட்டுக்கள் அடியோடு நீக்கப்பட்டன. ஆகஸ்டு 26-ந் தேதி தடை நீங்கிற்று. செப்டம்பர் 2-ந் தேதி மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள் மாத்திரம் கூடி ஓட்டுப் போட்டார்கள். தேசத்தின் புகழ் பெற்ற ஆட்டக்காரரும் பல வருஷங்கள் அணித் தலைவராயிருந்தவருமான ஸ்ரீ பாய்சுங் பூட்டியா போட்டியிட்டார். அவருக்குக் கிடைத்த ஓட்டு ஒன்று. எதிர்த்து நின்ற ஸ்ரீ சௌபேக்கு 33.

ஸ்ரீ சௌபேயும் பந்து பிடித்தவரே. கோல் காவலராக இருந்தவர். அவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. ஆயினும் 33-க்கு 1 என்னும் கணக்கைப் பார்த்தால், மைதானத்தின் குரலுக்கும் அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்களின் குரலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்பது சிறு பிள்ளைக்கும் புரியும். திண்டுக்கல் கடைவீதியில் நூறு பேரைக் கூப்பிட்டு இவ்விருவரின் பெயரையும் சொல்லிக் கேட்டால் கணக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்களின் யூகத்திற்கே விட்டுவிடுகிறோம்.

இத்தகைய ஸ்தாபனத்தின் இதர காரியங்கள் எப்படி நடக்கும்? 2023 ஜனவரியில், 2047-ம் வருஷத்துக்குள் ஆசியாவின் முதல் நான்கு நாடுகளில் ஒன்றாக இந்தியாவை ஆக்குவதாக ஒரு பெரிய திட்டப் புஸ்தகம் வெளியிட்டார்கள். இருபத்துநான்கு வருஷத்துக்கு அப்பால் நடக்கப்போவதைச் சொன்னவர்களுக்கு, மூன்று வருஷத்துக்குள் முடியவிருந்த குத்தகை கண்ணில் படவில்லை. அதே வருஷத்தில், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின்போது ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒரு ஜோசியரிடம் அனுப்பிக் கிரக நிலை கேட்டுக்கொண்ட செய்தியை ஆங்கிலப் பத்திரிகை ஒன்று அம்பலப்படுத்திற்று. நமது ஜில்லாவில் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பார்கள். வலது பின்காப்பாளனுக்குப் பார்ப்பதை நாம் கேள்விப்பட்டதில்லை. 2025 ஜூலையிலோ, தேசீய அணியின் ஆசிரியர் பதவிக்கு ஸ்பெயின் தேசத்துப் பிரபல ஆட்டக்காரர் ஸாவி விண்ணப்பம் செய்திருப்பதாகச் செய்தி பரவி, பிறகு அந்தக் கடிதமே போலியென்று சம்மேளனம் அறிக்கை விட்டது. உலகம் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

நமது தேசத்தில் திறமைக்குப் பஞ்சம் என்று சொல்வோர் சரித்திரம் அறியாதவர்கள். 1911 ஜூலை 29-ந் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் சங்கத்தார், பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை 2-1 என்ற கணக்கில் வென்று கேடயத்தைக் கைப்பற்றினார்கள். ஆளுகிறவனை அவனுடைய விளையாட்டிலேயே வெல்லலாம் என்று அன்று இந்தியா கண்டுகொண்டது. 1951-ல் டில்லியிலும் 1962-ல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கம். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது ஸ்தானம். ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிராக நமது கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். இவையெல்லாம் ஸையத் அப்துல் ரஹீம் என்னும் ஹைதராபாத் ஆசிரியரின் காலத்துக் காரியங்கள். அவர் 1963-ல் காலமானார். அப்பால் அந்த உயரத்தை நாம் தொடவேயில்லை.

நல்ல காலத்திலும் நிர்வாகம் நல்லதாக இருந்ததென்று மயங்க வேண்டாம். 1950-ம் வருஷத்து உலகக் கோப்பைக்கு, எதிர்த்த நாடுகள் விலகிக்கொண்டபடியால், பிரேஸில் செல்ல இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. கிடைத்த இடத்தைச் சம்மேளனம் உதறிவிட்டது. காலணி இல்லாமல் ஆட அனுமதிக்காததால்தான் போகவில்லை என்று ஒரு கதை இன்றும் ஊர் ஊராக உலவுகிறது. உண்மையில், பயிற்சிக்குப் போதிய காலமில்லை, ஆட்டக்காரர் தேர்வில் தகராறு என்றே சம்மேளனம் அன்று காரணம் சொல்லிற்று; ஒலிம்பிக்கே அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. பழி மட்டும் வெறுங்கால்களின் மேல் விழுந்தது. ஆடுகிறவன் மேல் பழியைப் போட்டுவிட்டு நடத்துகிறவன் தப்பித்துக்கொள்ளும் வழக்கம் அவ்வளவு பழையது.

இன்றைய திறமைக்கும் சாட்சி வேண்டுமா? 2025 ஜூலை 5-ந் தேதி சியாங்மாய் நகரில் தாய்லாந்தை 2-1 என்று வென்று, நமது பெண்கள் அணி தகுதிச் சுற்றின் வழியாக ஆசியக் கோப்பைக்குள் முதல் முறையாகப் புகுந்தது. பெண்கள் கால்பந்தில் தமிழ்நாடு இரண்டு முறை தேசீயச் சாம்பியன் பட்டம் பெற்றது. நமக்கு அடுத்த மதுரையின் சேது எப்.சி. சங்கம் 2019-ல் இந்தியப் பெண்கள் லீகை வென்றது. யாருடைய தயவில் வென்றார்கள்? ஏழைத் தாய் தந்தையரின் தயவிலும், சொந்தப் பணத்தைப் போட்ட சில உள்ளூர் அபிமானிகளின் தயவிலுந்தான்.

பொதுஜனங்களுக்கு அபிமானம் இல்லை என்பதும் பொய். 2018 ஜூனில் பம்பாயில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு 2,500 பேர் சுமாருக்கே வந்திருந்தார்கள். எங்களை ஏசுங்கள், கண்டியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து ஏசுங்கள் என்று சுனில் சேத்ரி கைகூப்பி வேண்டிக்கொண்டார். அடுத்த ஆட்டத்துக்கு ஒரு டிக்கட்டும் மிஞ்சவில்லை. கூப்பிட்டால் ஜனங்கள் வருகிறார்கள். அப்படி வந்தவர்களுக்குச் சம்மேளனம் செய்த மரியாதை, அதே சேத்ரி 2024-ல் ஓய்வு பெற்ற பிறகும், அவர் ஸ்தானத்துக்கு ஆளில்லாமல் நாற்பதாவது வயதில் அவரையே திரும்ப அழைத்துக்கொண்டதுதான்.

சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக்கொண்ட புதிய விதித்திட்டத்தை, முன்னாள் நீதிபதி ஸ்ரீ எல். நாகேசுவர ராவ் தயாரித்தார். முன்னாள் வீரர்களுக்கும் பெண்களுக்கும் பொதுச் சபையிலும் நிர்வாக சபையிலும் அதில் இடமிருக்கிறது. அக்டோபர் மாதக் கடைசிக்குள் விதித்திட்டத்தை ஏற்காவிடில் மீண்டும் தடை என்று பிபா மிரட்டிய பிறகு, 2025 அக்டோபர் 12-ந் தேதி சம்மேளனத்தின் பொதுக்கூட்டம் அதை ஏற்றது. ஒருவரே மத்தியிலும் மாநிலத்திலும் பதவி வகிக்கலாகாது என்பது போன்ற இரண்டொரு ஷரத்துக்களைப் பற்றி மட்டும் அப்போதும் தயங்கி நின்றது. எந்த ஷரத்து உறுத்துகிறது என்பதைக் கவனித்தால் எங்கே நோய் என்பது தெரியும். பூட்டுக்குப் பெயர் போன திண்டுக்கல் வாசிகளுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூட்டு உறுதியானதா என்று பார்ப்பதோடு எவனும் நிற்க மாட்டான்; சாவி யார் மடியில் இருக்கிறது என்றுந்தான் கேட்பான்.

டில்லியைக் கண்டிப்பது சுலபம். அது நானூறு காத தூரத்தில் இருப்பதுபோல் நினைத்துக்கொண்டு திண்ணையிலிருந்தே கண்டித்துவிடலாம். ஆனால், அந்த 34 ஓட்டுக்கள் ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஜில்லாச் சங்கங்கள் சேர்ந்து தமிழ்நாட்டுச் சங்கம். மாநிலச் சங்கங்கள் சேர்ந்து அகில இந்தியச் சம்மேளனம். ஆகவே, டில்லி அறையில் விழும் ஓட்டின் வேர் நமது ஊரிலும் இருக்கிறது. பஞ்சாயத்துத் தேர்தலில் வார்டு வார்டாக அலைகிற, வாக்காளர் ஜாபிதாவில் ஒரு பெயர் விட்டுப் போனால் தாசில்தார் கச்சேரி வாசலில் நிற்கிற நமது தேசத் தொண்டர்களில் எத்தனை பேர், நமது ஜில்லாவின் கால்பந்துச் சங்கத்தில் எத்தனை அங்கத்தினர் உண்டு, அதன் தேர்தல் எப்போது என்று விசாரித்திருக்கிறார்கள்? ஜில்லாச் சங்கத்தார் மீது குற்றம் சாட்டுவதற்காக இதைக் கேட்கவில்லை. விசாரிப்பாரில்லாத இடத்தில் உத்தமனும் சோம்பேறியாகிவிடுவான் என்பதற்காகக் கேட்கிறோம்.

நத்தத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் கிரிக்கெட் பந்தயம் இரவிலும் விளக்கு வெளிச்சத்தில் நடக்கிறது. திண்டுக்கல் பெயரைத் தாங்கிய அணி 2024-ல் தமிழ்நாட்டுப் பிரீமியர் லீகையும் வென்றது. கிரிக்கெட் நிர்வாகம் மாசற்றதென்று நாம் நற்சாட்சிப் பத்திரம் கொடுக்கவில்லை. அதையும் சுப்ரீம் கோர்ட்டு கையைப் பிடித்துத்தான் சீர்திருத்த நேர்ந்தது. ஆனால், நமது ஜில்லாவில் நல்ல மைதானம் அமைய முடியாது, ஜனங்கள் வரமாட்டார்கள் என்ற பேச்சு இனி எடுபடாது. கால்பந்துப் பிள்ளைகள் வேடசந்தூர்ப் பொட்டலில் செங்கல்லைக் கோல் கம்பமாக வைத்து ஆட வேண்டுமென்று எந்த விதியும் இல்லை.

எனவே, நாம் கோருவது இதுதான். திண்டுக்கல் ஜில்லாவிலுள்ள கால்பந்து அபிமானிகளும், பழைய ஆட்டக்காரர்களும், பள்ளிக்கூடத் தேகாப்பியாச ஆசிரியர்களும் சீக்கிரத்தில் ஒரு பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். ஜில்லாச் சங்கத்தின் அங்கத்தினர் ஜாபிதாவையும், கடந்த மூன்று வருஷ வரவு செலவுக் கணக்கையும் பகிரங்கமாகப் பிரசுரிக்கும்படி அக்கூட்டம் மரியாதையுடன் எழுதிக் கேட்க வேண்டும். மாநிலச் சங்கத்தின் கூட்டங்களுக்குப் போகும் நமது பிரதிநிதி யார், அவர் எந்தக் கட்டளையின் பேரில் அங்கே கை தூக்குகிறார் என்றும் கேட்க வேண்டும். அடுத்த அகில இந்தியத் தேர்தலில் தமிழ்நாட்டின் ஓட்டு யாருக்கு, எக்காரணத்தால் என்பதை ஓட்டுப் போடுவதற்கு முன்பே ஜில்லாச் சங்கங்களின் முன் வைக்க வேண்டுமென்றும் அத்தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். பதில் வந்தால் அதையும், ஒரு மாதத்துக்குள் வராவிட்டால் வரவில்லை என்பதையும் இப்பத்திரிகையில் வெளியிடத் தயாராக இருக்கிறோம்.